காங்கேயத்தில் அறிவியல் கூட்டம் போட்டால் ஆள் வருமா? எதைப் பேசச் சொல்வது?

காங்கேயத்தான் கேட்டது:

வணக்கமுங்க. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு கூட்டம். கதை, கவிதை, புத்தக அறிமுகம். வருபவர்கள் எல்லாம் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் மொய் வைக்கிற அளவுக்குப் பழகியவர்கள். புதுமுகம் எட்டிப் பார்ப்பதே இல்லை. சரி, அறிவியல் பேச்சு ஒன்று வைத்துப் பார்ப்போம் என்று போன மாதம் ஒரு கல்லூரிப் பேராசிரியரை அழைத்தோம். தலைப்பு கருந்துளை.

மனிதர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் ஸ்லைடு முழுக்க ஆங்கிலம், அதையும் திரையைப் பார்த்தபடியே வாசித்தார். எண்ணெய் ஆலைக்காரர் ஒருவர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனவர் திரும்பவில்லை. "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது மணி எட்டு, நூலகத்தைப் பூட்ட வேண்டியவர் சாவியோடு வாசலில் நிற்கிறார்.

இப்போது வட்டத்தில் இரண்டு கட்சி. "நம்மூர் ஆளுகளுக்கு இதெல்லாம் ஏறாதுப்பா, பேசாம பட்டிமன்றம் வை" என்பது ஒரு கட்சி. எனக்கு அதில் சம்மதம் இல்லை. சந்திரயான் 3 இறங்கிய அன்று சாயங்காலம் டீக்கடையில் கொப்பரைக் களத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "அங்க காத்தே இல்லைங்கறாங்களே, அப்புறம் பாராசூட் எப்படிங்க விரியும்?" இப்படிக் கேட்கிற பையனுக்கு ஏறாது என்றால் வேறு யாருக்கு ஏறும்?

எந்தத் தலைப்பை எடுப்பது, எந்த நேரத்தில் வைப்பது, பேச யாரைப் பிடிப்பது? கையில் பெரிதாகப் பணம் கிடையாது. நடத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பல்லடம் காத்தாடி:

பட்டிமன்றமே வைங்க. "போர்வெல் வற்றியதற்குக் காரணம் மழையா, மனிதனா?" மண்டபம் நிரம்பும். அடிதடி நடந்தால் நான் பொறுப்பில்லை.

விளையாட்டுக்குச் சொன்னேன். உண்மையில் உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல தலைப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுப்போயிருக்கிறது. அந்த வழியாக நெருக்கிக்கொண்டு வருவதால்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்று. காற்றாலையில் ஏறி வேலை பார்க்கிற டெக்னீஷியன் ஒருவரைக் கூட்டிவந்து பேச வையுங்கள். இறக்கை ஏன் மூன்று, காற்று ரொம்ப அடித்தால் ஏன் நிறுத்துகிறார்கள் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.

சூலூர் காயில்கடை:

காங்கேயத்துத் தம்பி, ஏறாது என்று சொன்னவர்களை அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். லேத் பட்டறைக்காரர் ஒருவர், பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மருந்து ரெப் ஒருவர் என்று சேர்ந்து சில வருஷமாக மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒரு கூட்டம் நடத்திவருகிறோம். சங்கம் கிங்கம் எதுவும் கிடையாது, போர்டும் கிடையாது. அதனால் தலைவர் யார் என்ற சண்டையும் கிடையாது.

முதல் கூட்டத்துக்கு நாங்கள் அடித்த நோட்டீஸில் ஒரே வரிதான்: "மோட்டார் ஏன் 25 அடிக்கு மேல் உறிஞ்சுவதில்லை?" கீழே தேதி, நேரம், இடம். சிறப்புரை, அனைவரும் வருக எதுவும் இல்லை. யார் வந்தார்கள் தெரியுமா? பிளம்பர், எலக்ட்ரீசியன், பவுண்டரியில் வேலை பார்ப்பவர்கள், தென்னந்தோப்புக்காரர்கள், பம்புக்கடைப் பையன்கள். தரை மட்டத்தில் வைத்த மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது), கிணற்றில் தண்ணீர் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் ஏர் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றும் என்பது அத்தனை பேருக்கும் அனுபவம். ஏன் என்பதில்தான் ஒருவருக்கும் ஒத்துப்போகவில்லை. "ஹெச்.பி. பத்தல" என்று ஒருவர். "ஃபுட் வால்வு லீக்" என்று, பைப் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற வால்வைக் குறைசொல்லி ஒருவர். ஏழரை ஹெச்.பி. போட்டால் 50 அடி இழுக்கும் என்று ஒரு தோப்புக்காரர் பந்தயமே கட்டிவிட்டார்.

இடம், நண்பர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த காம்ப்ளெக்ஸ். மூன்று மாடி எழும்பிப் பூச்சு வேலை பாக்கி இருந்தது. 45 அடி நீளத்துக்கு உள்ளே தெரிகிற தடித்த ஹோஸ் ஒன்று. உள்ளே நைலான் பின்னல் போட்டிருக்குமே, அது. கொத்தனார் மட்டம் பார்க்கிற மெல்லிய டியூப் ஆகாது, அமுங்கி ஒட்டிக்கொள்ளும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் குங்குமத்தைக் கரைத்து, காற்று ஒரு குமிழிகூட இல்லாமல் ஹோஸ் முழுக்க நிரப்பி, மேல்முனையில் போல்ட்டைச் செருகி இரண்டு கிளிப் போட்டு முறுக்கினார் ஆய்வகக்காரர். கீழ்முனை திறந்தபடி பக்கெட் தண்ணீருக்குள். கயிறு கட்டி மாடியிலிருந்து இழுக்க ஆரம்பித்தோம்.

முதல் மாடி தாண்டியது, ஹோஸ் நிறையத் தண்ணீர். இரண்டாம் மாடியும் தாண்டியது. "எங்க நிக்குது? அது பாட்டுக்குப் போகுது" என்று பந்தயக்காரர் சத்தம் போட்டார். பக்கெட்டிலிருந்து 31 அடி தாண்டுகிற இடத்தில் உள்ளே குமிழ் கிளம்பியது. சிவப்புக் கோடு அங்கேயே நின்றுவிட்டது. மேலே இழுக்கிறோம், ஹோஸ் ஏறுகிறது, தண்ணீர் ஏறவில்லை. இழுக்க இழுக்கக் காலி இடம்தான் நீளுகிறது. நம்பாமல் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். டேப் வைத்து அளந்தார்கள். ஒரு பையன் ஹோஸைச் சாய்த்துப் பார்த்தான். தண்ணீர் ஹோஸுக்குள் நீளமாக ஓடியது, ஆனால் பக்கெட்டிலிருந்து உயரம் அதே 31 அடி!

அதற்கப்புறம்தான் பேச்சே ஆரம்பம். மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. பைப்பின் மேல்முனையில் அழுத்தத்தைத்தான் அது குறைக்கிறது, கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கிற வெளிக்காற்று அமுக்கி ஏற்றுகிறது. காற்றின் எடை கடல் மட்டத்தில் 10.3 மீட்டர், அதாவது 34 அடித் தண்ணீரைத்தான் தாங்கும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் ஒன்றரை அடி போய்விடும். காலி இடத்தில் தண்ணீர் ஆவியாகித் திரும்ப அமுக்குவதில் இன்னொரு அடிக்கு மேல் போகும். ஆக 31 சொச்சம். பைப், வளைவு, ஃபுட் வால்வு உராய்வு எல்லாம் தின்றதுபோக நமக்கு நிற்பது 25. ஏழரை ஹெச்.பி. போட்டாலும் சரி, எழுபது போட்டாலும் சரி, காற்றின் எடை கூடவா போகிறது? ஆழத்தில் இறக்கிவிட்ட சப்மெர்சிபிள் 500 அடிக்கு ஏற்றுகிறதே என்றால், அது கீழே இருந்து தள்ளுகிறது. தள்ளுவதற்கு இந்த எல்லை கிடையாது.

உடனே தோப்புக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்: "அப்ப ஊட்டியில கேரட்டுக்குத் தண்ணி எடுக்கறவன் என்ன பண்ணுவான்?" அதுதான் கேள்வி. ஊட்டி 2,200 மீட்டர் உயரம். இதே ஹோஸை அங்கே கொண்டுபோனால் 26 அடிப் பக்கம் நின்றுவிடும். மோட்டாருக்கு 20 அடி கிடைத்தாலே அதிர்ஷ்டம். இதைத்தான் 1648ல் பிரான்சில் பாஸ்கல் என்ற விஞ்ஞானி தன் மைத்துனரிடம் சொல்லிப் பாதரசக் குழாயை மலை ஏற்றிச் சோதித்தார். ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. நம் தோப்புக்காரருக்கு மலை ஏறாமலேயே அந்த யோசனை வந்துவிட்டது பாருங்கள்.

இன்னொன்றும் ஆய்வகக்காரர் சொன்னார், எனக்கு ரொம்பப் பிடித்தது. 1638ல் கலீலியோ அச்சிட்ட புத்தகத்தில் ஒரு பம்பு மெக்கானிக் வருகிறார். பம்பு ரிப்பேர் என்று அவரைக் கூப்பிட்டால், "பம்பு நல்லாத்தான் இருக்கு, பதினெட்டு முழத்துக்கு மேலே எந்தப் பம்பும் எடுக்காது" என்கிறார். ஏன் என்று கலீலியோவுக்கே சரியாகப் பிடிபடவில்லை. கிட்டே இருந்த டாரிசெல்லிதான் பிறகு காற்றின் எடை என்று முடிச்சை அவிழ்த்தார். காற்றழுத்தமானி பிறந்த கதையே ஒரு பம்பு மெக்கானிக்கிடம் ஆரம்பிக்கிறது. இதைக் கேட்டதும் கடைப் பையன்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கடைசியில் ஒருவர் தன் கடையிலிருந்து புழு அரித்த மாதிரி குழி விழுந்த இம்பெல்லரை (பம்புக்குள் சுற்றுகிற சக்கரம்) ஓடிப்போய் எடுத்துவந்து, இது ஏன் என்று கேட்டார். சக்‌ஷன் பக்கம், அதாவது தண்ணீரை உறிஞ்சுகிற பக்கம், அழுத்தம் குறைந்து தண்ணீர் சூடாகாமலே கொதிக்கிறது, அந்தக் குமிழிகள் உடையும்போது இரும்பையே கொத்தி எடுத்துவிடுகின்றன. ஹோஸில் அப்போதுதான் பார்த்த அதே குமிழ். பேசியது முப்பது நிமிஷம், கேள்விக்குப் போனது ஒன்றரை மணி நேரம். உளுந்துவடை தீர்ந்து மறுபடி வாங்கிவந்தோம்.

ஆகவே தம்பி, கருந்துளை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த ஊர்களில் உங்கள் முன்னால் உட்காருகிறவன் நாள் முழுக்க மோட்டார், தறி, லேத், சாயம், போர்வெல் என்று எதையாவது கழற்றி மாட்டுகிறவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தால் எழுந்துதான் போவான். அவனுக்குத் தெரிந்த இடத்திலேயே தொடங்கி, தெரியாத ஒரு படி ஏற்றிவிட்டால் விடமாட்டான். லண்டனில் பாரடே என்ற விஞ்ஞானி ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் தலைப்பாக வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு பேச்சுப் பேசியிருக்கிறார். அவரே புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிய பையன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் கொடுத்த டிக்கெட்டில் 1812ல் வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி பேச்சைக் கேட்கப் போனவர். நம்மவர்கள் என்னவென்றால் ஒரு மணி நேரத்தில் மொத்தப் பிரபஞ்சத்தையும் முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

நேரம் கேட்டீர்கள். முகூர்த்த நாளில் வைக்காதீர்கள், கடவுளே வந்து பேசினாலும் ஆள் வராது. ஆடியும் மார்கழியும் நல்லது. கல்யாணம் இல்லாததால் மண்டபமே சும்மா கிடக்கும், கரண்டுக் காசுக்குக் கொடுப்பார்கள். பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். நாற்பது நிமிஷம் மிச்சம். பேசுகிறவரிடம் ஒரே நிபந்தனை: கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் கொண்டுவர வேண்டும்.

பரமத்தி கணக்கு டீச்சர்:

காயில்கடைக்காரர் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு கேள்வி: அந்தக் காம்ப்ளெக்ஸ் மாடியில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

எனக்குப் பதில் தெரியும், சொல்ல வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணிக்கு மோட்டார் பேச்சு என்றால் வீட்டில் தோசைக்கல் போட்டுக்கொண்டிருப்பவள் எப்படி வருவாள்? மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்கள், பள்ளிக்கூட மரத்தடியில் வையுங்கள், பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். பிள்ளை வந்தால் அம்மா வருவாள், அம்மா வந்தால் பாட்டியும் வருவாள்.

பொருள் வேண்டும் என்கிறார் அல்லவா, பாதிப் பொருள் அடுப்படியிலேயே இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் பள்ளி ஆண்டு விழாவில் அம்மாக்களுக்கு ஒரு ஆரத்தித் தட்டு வைத்துக் காட்டினேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், இது எல்லாருக்கும் தெரியும். அதே சிவப்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், திரும்ப மஞ்சளாகிவிட்டது. "அட!" என்று ஒரு சத்தம். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. அப்புறம் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்: குழம்பு கொட்டின சேலையில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாக மாறுகிறதே, அதுவும் இதுதானா? அதுவேதான். சோப்பும் சுண்ணாம்பும் காரம். காரத்தில் மஞ்சளின் குர்குமின் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது, அதனால் அது விழுங்குகிற ஒளி மாறி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. புளிப்பு அந்த ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒரு பாட்டி, "அந்தக் கறைய வெயில்ல போட்டா தானா போயிருமே, அது எதனால?" என்றார். வெயில் குர்குமினையே உடைத்துவிடுகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்கள் குர்குமின் சதவீதம் பார்த்து விலை பேசுகிறார்கள். பாட்டி கேட்டதும் அந்த வியாபாரமும் ஒரே விஷயம்தான்.

பாராசூட் கேட்ட பையனுக்கு என் பாராட்டு. நிலவில் பாராசூட் விரியாது. அதனால் அதைக் கொண்டுபோகவே இல்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று விக்ரம் லேண்டர் தன் எஞ்சினைக் கீழ்நோக்கி எரித்து வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் இறங்கியது. செவ்வாயில் மெல்லிய காற்று உண்டு, அங்கே பாராசூட் பாதி வேலை செய்யும், மீதிக்கு எஞ்சின் வேண்டும்.

அந்தப் பையனிடம் இதையும் சொல்லுங்கள். இஸ்ரோ லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. நிலவின் மேட்டு நிலங்களில் இருப்பது அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை. அதே வகைப் பாறை எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது, சுமார் 250 கோடி வருஷம் பழசு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்களின் துணையோடு அதை எடுத்துப்போய் அரைத்துச் சலித்துத்தான் பெங்களூரில் நிலவுத் தரை போட்டார்கள். அந்தக் கல்லில் ஒரு துண்டைக் கூட்டத்தில் கைமாற்றி விடுங்கள். சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர் என்பதை மேடைக்கு மேடை சொல்கிறோம், சரிதான். கல்லை யாரும் காட்டுவதில்லை.

வானம் வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2019 டிசம்பர் 26 காலையில் நான் கரூரில் தங்கை வீட்டில் இருந்தேன். வளையச் சூரிய கிரகணம். ஒன்பதரை மணி வாக்கில் மூன்று நிமிஷம்போல வளையம் நின்றது. தெருவில் கதவையெல்லாம் சாத்திக்கொண்டு இருந்தார்கள். தங்கை பையன் சல்லடையை எடுத்துவந்து வாசலில் பிடித்தான். சிமெண்டுத் தரையில் ஓட்டைக்கு ஒரு சூரியன், ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வளையம். எதிர்வீட்டு ஜன்னல் முதலில் திறந்தது, அப்புறம் கதவு. கொஞ்ச நேரத்தில் தெருவே ஆளுக்கொரு சல்லடையோடு வெளியில் நின்றது. நானாக ஒரு வார்த்தை பிரசங்கம் செய்யவில்லை.

கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். காங்கேயம் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்டு நான்காம் வாரத்தில் ஒரு நாள், மத்தியானம் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; செங்குத்தாக நட்ட கம்பிக்கு நிழலே விழாது. ஒரு கம்பி, ஒரு பலகை. செலவு அவ்வளவுதான்.

திருச்செங்கோடு ரிக்:

டீச்சர் சொன்ன பாறையை நாங்கள் வருஷக் கணக்காக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு போர்வெல் போடுகிற ரிக் வண்டி சொந்தக்காரர்தான், இந்தியா முழுக்க ஓடுகிறது. என் யோசனை: டிரில்லர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஓட்டும்போது மேலே வருகிற தூளைப் பத்தடிக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துவைத்தால் போதும். மேலே செம்மண், அப்புறம் மக்கி உதிர்கிற பாறை, அப்புறம் வெள்ளையும் கருப்புமாகக் கலந்த கெட்டிப்பாறை என்று மேசையில் வரிசையாக அடுக்கலாம். தூள் நிறம் மாறினதையும் சுத்தியல் சத்தம் மாறினதையும் வைத்தே வெடிப்பு வருகிறதா என்று பழைய ஆள் சொல்லிவிடுவார். நம் பக்கப் பாறையில் தண்ணீர் அந்த வெடிப்பில் மட்டும்தான். ஆயிரம் அடி போனாலும் வெடிப்பில் மாட்டவில்லை என்றால் வெறும் புழுதி.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. இந்தத் தலைப்பு வைத்தால் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் கட்டாயம் வருவார். அவருக்கு ஆதரவாகப் பத்துப் பேரும் வருவார்கள். அப்புறம் பேச்சாளர் பாடு அவ்வளவுதான். எப்படிச் சமாளிப்பீர்கள்?

சூலூர் காயில்கடை:

டீச்சர் கேட்டதற்குப் பதில்: காம்ப்ளெக்ஸ் வாசலில் நின்று கேட்ட இரண்டு பேர். மூன்று மணி யோசனையை எங்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டேன், அடுத்தது அப்படித்தான்.

ரிக்காரருக்கு. எங்களுக்கும் வந்தார், பெரிய மனிதர், ஊரில் மரியாதை உள்ளவர். மேடையில் ஏற்றிக் கேலி செய்தால் கூட்டம் உடைந்துவிடும். ஒரு சோதனைக்கு வருகிறீர்களா ஐயா என்று கேட்டோம். மூடி போட்ட ஒரே மாதிரி பிளாஸ்டிக் டிரம் பத்து. ஒன்றில் தண்ணீர், மற்றதில் அதே எடைக்கு மணல். எது எது என்று அடுக்கியவர் வெளியே போய்விட வேண்டும். உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியக்கூடாது, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கக்கூடாது. அவர் யோசித்துவிட்டு, "ஓடற தண்ணிதான் எனக்குத் தெரியும், நிக்கற தண்ணி தெரியாது" என்றார். நியாயமான பதில்தான். அதற்கும் ஜெர்மனியில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1987-88ல் மியூனிக் பக்கம் ஒரு கொட்டகை. கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை வண்டியில் வைத்து இஷ்டத்துக்கு நகர்த்துவார்கள், மேல்தளத்தில் நடப்பவர் குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரைப் பார்த்து, அதில் தேறுவார்கள் என்று பொறுக்கிய 43 பேர், 843 முறை. நடத்தியவர்கள் சிலருக்குத் திறமை இருப்பதாகச் சொன்னார்கள். அதே கணக்கை அப்புறம் வேறொருவர் எடுத்துப் பார்த்தபோது குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிகமாக ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னதும் பெரியவர் கோபப்படவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. "நான் பாத்த எடத்துல தண்ணி வந்துருக்கே" என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், "வராத எடத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா மாமா?" என்றாள். எங்கள் பேச்சாளர் ஒரு மணி நேரமாகச் சொல்ல வந்தது அதுதான். அடுத்த கூட்டத்துக்கு நிலத்தில் நான்கு கம்பி அடித்துக் கரண்டு விட்டுப் பாறையின் மின்தடையை அளக்கிறவரைக் கூப்பிட்டோம். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். மனிதர் தன் நோட்டைத் திறந்து, தவறிய இடங்களையும் காட்டினார். அந்த நோட்டுக்குத்தான் அன்றைக்குக் கைதட்டு.

வடவள்ளி ஆராய்ச்சி மாணவி:

பேச ஆள் பிடிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம், கரும்பு இனப்பெருக்கு நிறுவனம், வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் என்று எத்தனையோ இருக்கின்றன. இயக்குநருக்குக் கடிதம் எழுதினால் பதில் வர மாதமாகும். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற எங்களைக் கேளுங்கள். எங்கள் ஆராய்ச்சியை எங்கள் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. பஸ் காசும் ராத்திரிச் சாப்பாடும் போதும், ஓடிவருவோம். அப்புறம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளைகளில் நன்றாகப் பேசுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

ஒரு யோசனை. வருகிறவரை அரைமணி நேரம் முன்னாலேயே வரச்சொல்லி, டெய்லரோ டீ மாஸ்டரோ யாராவது ஒருவரிடம் முதல் ஐந்து நிமிஷத்தைப் பேசிக்காட்டச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. "ஜெர்ம்பிளாசம்" என்று ஆரம்பித்தேன், டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அதனால் கரும்பிலிருந்து ஆரம்பித்தேன்: 1912ல் இங்கே ஆரம்பித்த நிறுவனத்தில், வெள்ளைக் கரும்பையும் வாய்க்கால் ஓரத்தில் வளர்கிற காட்டு நாணல் இனத்தையும் இனக்கலப்பு செய்து, 1918ல் கோ 205 என்ற ரகத்தை பஞ்சாபுக்கு அனுப்பினார்கள். நாணலின் தாங்குசக்தி கரும்புக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் கரும்பு ரகங்களின் பெயரில் முன்னால் நிற்கிற அந்த "கோ" கோயம்புத்தூர்தான். ஒரு கையில் நாணல் தட்டு, இன்னொரு கையில் கரும்பு. பேச்சு முடிந்ததும் கரும்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

காங்கேயத்தான்:

இவ்வளவு வருமென்று நினைக்கவில்லைங்க. வட்டத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பட்டிமன்றக் கட்சி கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறது. நடுவர் வேண்டாம், ஆனால் கேள்வி நேரத்தில் இரண்டு அணி வேண்டும் என்கிறார்கள், விட்டுவிட்டேன்.

ஆடி இரண்டாவது ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி, முதல் தலைப்பு மோட்டார். டீச்சருக்குப் பயந்து அடுத்த மாதம் மஞ்சள். சித்தம்பூண்டிக் கல் ஒன்று கிடைக்குமா டீச்சர்?

அண்ணா, ஒரு சந்தேகம். நூலகம் தரைத்தளம் மட்டும்தான். பக்கத்தில் மூன்று மாடி எதுவும் இல்லை. ஆனால் எண்ணெய் ஆலையில் 40 அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இரும்பு ஏணியோடு. வராத போனை எடுத்துக்கொண்டு போனாரே, அவருடைய ஆலைதான்.

சூலூர் காயில்கடை:

தாராளமாகச் செய்யலாம். ஏணியில் பையன்களை ஏற்றாதீர்கள். தொட்டியின் மேல் கம்பியில் கப்பி ஒன்றைக் கட்டிக் கயிற்றைக் கீழே இருந்தே இழுத்துக்கொள்ளுங்கள். ஏணியில் அடிக்கு ஒரு கோடு சுண்ணாம்பில் போட்டுவிட்டால் கூட்டத்துக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஆடிக் காற்றில் ஹோஸ் ஆடும், நடுவில் இரண்டு இடத்தில் ஏணியோடு கட்டிவிடுங்கள். கிளிப் முறுக்கும்போது போல்ட்டில் டெஃப்லான் டேப் சுற்ற மறக்க வேண்டாம். காற்று ஒரு துளி புகுந்தாலும் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். சனிக்கிழமையே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஹோஸ் என்னிடமே இருக்கிறது, காங்கேயம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆலைக்காரரிடம், எத்தனை அடியில் நிற்கும் என்று முன்கூட்டியே ஒரு தொகை கட்டச் சொல்லுங்கள். போனை எடுக்க மாட்டார்.

பரமத்தி கணக்கு டீச்சர்:

கல் அனுப்புகிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.